கருடனுக்கு ஆப்சென்ட் போட்டவர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பூமியில் மனிதர்களை நம்பாமல் வாழ்ந்தவர்கள் பலர் உண்டு. பறவைகளையும் நம்பாமல், நாள் தவறாது வருகைப் பதிவு எடுத்தவர் ஒருவரே. காக்கைக்குச் சாதாரண விடுப்பு மறுத்தவர் அவர். தாமதமாக வந்த கொக்குக்கு அரை நாள் குறைத்தவர் அவர். ஸ்ரீரங்கத்து வானில் வட்டமிடும் கருடனுக்கே ஒருமுறை ஆப்சென்ட் போட்டு, அதன் காரணமாக ஒரு மாமியின் கோபத்துக்கு ஆளாகி, அதிலிருந்தும் முழு உடலோடு மீண்டவர் அவர். அவருடைய இயற்பெயரை எங்கள் நகரில் அறிந்தவர் தபால்காரர் ஒருவர் மட்டுமே. ஏனையோருக்கெல்லாம் அவர் மஸ்டர் சார்.

பெயருக்கு விளக்கம் தேவை. தொழிற்சாலைக் குடும்பத்தார்க்கு மஸ்டர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எவர் வேலைக்கு வந்தார், எவர் வரவில்லை, எவர் விடுப்பில் உள்ளார் என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறித்து வைக்கும் பெரிய பதிவேடு அது. திருச்சியின் பெரிய தொழிற்சாலை ஒன்றில், அந்தப் பதிவேட்டைக் காக்கும் டைம் ஆபீஸில் முப்பத்தைந்து ஆண்டுகள் அமர்ந்திருந்தவர் அவர். ஓய்வுபெற்ற மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, பேனாவைப் பையில் செருகி, வாசற்படி இறங்கிய பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது அவருக்கு உறைத்ததாம். வேறொருவராயிருந்தால் திரும்பிச் சென்று படுத்திருப்பார். மஸ்டர் சார் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்திருக்கிறார். அங்கே ஒரு கூட்டம் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் மன்னார்புரத்தில் நெடுங்காலம் ஹார்டுவேர் கடை நடத்தியவன். ஆணி மடித்துக் கொடுப்பதற்காக எடைக்கு வாங்கிய வார இதழ்களை, மடிப்பதற்கு முன் படித்து, அவ்வழியே எழுத்துத் தமிழைக் கற்றுக்கொண்டவன். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர் சாலையை ஒட்டிய நெல்மணி நகரில் வீடு கட்டிக் குடியேறினேன். அங்கிருந்த நெல் முழுவதையும் அகற்றிய பின்னர் சூட்டப்பட்ட பெயர் அது. குடியேறிய ஆறாம் மாதத்தில், கூட்டத்துக்கு முதலில் வந்து அமர்ந்த குற்றத்துக்காக, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவி எனக்கு வழங்கப்பட்டது.

நகரின் நடுவே பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் ஒன்று உண்டு. பூங்கா என்பது வரைபடத்தில் மட்டுமே. நேரில் கண்டால், பழைய வாய்க்காலின் முழங்கைபோல் வளைந்த ஒரு துண்டு, அதில் கோரைப்புல், கரையில் ஒரு வேம்பு, இரண்டு தென்னை, கதவிழந்த மோட்டார் கொட்டகை, ஒரு மூலையில் சாலை போடக் கொட்டி மறந்துபோன ஜல்லி. ஒரு நாள் விடியற்காலை நடைப்பயிற்சியின்போது அந்தத் தென்னைகளுக்கு நடுவே நின்று கைகளை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன்.

"சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க. கேட்டை மறைக்கிறீங்க."

திரும்பினேன். நெடிய உருவம், மூக்குக்கண்ணாடி, கையில் நீளமான பதிவேடு. கேட் எதுவும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை.

"எந்த கேட்டுங்க?"

"இந்த ரெண்டு தென்னைக்கு நடுவுலதான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் உள்ள வர்ற நேரம். நகருங்க."

நகர்ந்தேன். மறுகணம் கொள்ளிடத்துப் பக்கமிருந்து வெண்கொக்குகள் வரிசையாக வந்து, இரு தென்னைகளுக்கும் நடுவே தாழ்ந்து, கோரைப்புல்லில் இறங்கின. அவர் குறித்துக்கொண்டார்.

"ஒம்பது வரணும். எட்டுதான் வந்திருக்கு." கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். ஒன்பதாவது கொக்கு தனியே வந்து இறங்கியது. "பாத்தீங்களா? ஆறு நிமிஷம் லேட்டு. கேட்டா முக்கொம்பு அணையில தண்ணி திறந்துட்டாங்கம்பான்."

அன்று முதல் என் நடைப்பயிற்சி நின்றது. நிற்கும் பயிற்சி தொடங்கிற்று.

அந்தப் பதிவேட்டை நான் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். இடப்பக்கம் நாற்பத்தோரு பெயர்கள். வந்தவருக்கு ஒரு சாய்கோடு, வராதவருக்குச் சுழி, விடுப்பில் சென்றவருக்கு 'வி'. பெயர்கள் யாவும் பிரிவு வாரியாக எழுதப்பட்டிருந்தன. கரிச்சான்கள் பூச்சி ஒழிப்பு. தேன்சிட்டும் அதன் துணையும் பூப்பிரிவு. மகரந்தத்தை இங்கிருந்து எடுத்து அங்கே சேர்ப்பிப்பது. குயிலும் கொண்டைக்குருவியும் நாற்றங்கால். பழத்தைத் தின்றுவிட்டு விதையை எங்கேனும் போட்டுச் செல்வது. எங்கள் நகரில் எவரும் வைக்காமல் முளைத்த வேப்பங்கன்றுகள் அனைத்தையும் அவர் இந்தப் பிரிவின் கணக்கிலேயே சேர்த்தார். காக்கை துப்புரவு. ஜல்லிமேட்டில் குடியிருந்து, ஆளைக் கண்டால் கத்தும் ஆட்காட்டி செக்யூரிட்டி. மோட்டார் கொட்டகையில் இருந்த கூகை என்னும் வெள்ளைமுக ஆந்தை நிரந்தர நைட் ஷிஃப்ட். விடியற்காலையில் அது கொட்டகைக்குள் நுழைவதைப் பார்த்துத்தான் 'பணி முடிந்தது' என்று குறிப்பார்.

புறாக்களுக்குப் பதிவேட்டில் இடமில்லை. காரணம் கேட்டேன்.

"கேன்டீனுக்கு மட்டும் வர்ற ஆளுங்க சார் அவங்க. மாடியில போடற அரிசியைத் தின்னுட்டு அங்கயே தூங்குவாங்க. ரோல்ல ஏத்த முடியாது."

அவருக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் அதை எப்படிச் சொல்வார்களோ நான் அறியேன். அவர் சொன்னது இதுதான்:

"நிலம்தான் சார் கம்பெனி. கம்பெனி எதைத் தயாரிக்குதோ, அதுக்கேத்த ஆளுதான் வேலைக்கு வருவான். இங்க நெல்லு இருந்தப்ப கொக்கு, மடையான், மீன்கொத்தி. அப்புறம் வாழை போட்டாங்க. கொக்குல பாதி ஜீயபுரம் பக்கம் டிரான்ஸ்பர். தேன்சிட்டும் செம்போத்தும் இங்க சார்ஜ் எடுத்துச்சு. பிளாட் போட்டு மண்ணடிச்சாங்க. வெட்டவெளியில ஆட்காட்டி வந்து உக்காந்துச்சு. நீங்கல்லாம் வீடு கட்டினீங்க. காக்கா, மைனா, புறா. யாரும் யாருக்கும் லெட்டர் போடல. நோட்டீஸ் போர்டுல போட்ட மாதிரி வந்துர்றாங்க."

"அப்ப இந்தப் பூங்கா இடம் மட்டும் என்னங்க?"

"இது ஒண்ணுலதான் சார் எல்லா டிபார்ட்மென்ட்டும் இருக்கு. தண்ணி இருக்கு, கோரை இருக்கு, மரம் இருக்கு, மேடும் இருக்கு. மத்த இடமெல்லாம் ஒத்த டிபார்ட்மென்ட் ஃபேக்டரி."

இனி, கருடன் விவகாரம். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து எங்கள் நகருக்குக் குடிவந்த மாமி ஒருவர் சங்கத்தின் செயற்குழுவிலும் இருந்தார். காலையில் மாடியில் நின்று கருடனைத் தரிசித்த பிறகே காப்பியைத் தொடுவார். செம்மண் நிற இறக்கையும் வெண்மையான கழுத்தும் கொண்ட அந்தப் பருந்து மஸ்டர் சாரின் பதிவேட்டிலும் இருந்தது. ஆற்றுத் துப்புரவுப் பிரிவு. ஒரு நாள் எட்டு மணிவரை வரவில்லை. சுழி போட்டுவிட்டார். அந்தச் செய்தியை மாமியின் காதில் சேர்த்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. நான் அல்லேன்.

மாமி நேரே வேம்படிக்கு வந்தார்.

"மஸ்டர், என்ன அக்கிரமம் இது? கருடாழ்வாருக்கு ஆப்சென்ட் போட்டிருக்கேளாமே?"

"வரலீங்களே மாமி. எட்டு வரைக்கும் பாத்தேன்."

"வரலேன்னா? பெருமாளுக்குக் கைங்கர்யம் பண்ணப் போயிருப்பார். அதைக் கேக்க நீங்க யாரு?"

"நான் டைம் ஆபீஸ் மாமி. ஜெனரல் மேனேஜர் வரலேன்னாலும் கேட்டிருக்கேன்."

"அபசாரம், அபசாரம். அந்த சுழியை இப்பவே அழிங்கோ."

"மஸ்டர்ல அழிக்கக் கூடாதுங்க. அடிச்சு, பக்கத்துல காரணம் எழுதி, கையெழுத்துப் போடணும். காரணம் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. கருடன் காணப்படாத நாள்களில் 'வெளிப்பணி – கோயில்' என எழுதுவது. மாமி மகிழ்ந்தார். பின்னொரு நாள் கொள்ளிடக் கரையில் நானும் மஸ்டர் சாரும் நடந்தபோது, கருடன் மணலில் அமர்ந்து செத்த மீன் ஒன்றைக் கொத்திக்கொண்டிருந்தது. அன்றும் அவர் 'வெளிப்பணி – கோயில்' என்றே எழுதினார். நான் புருவத்தை உயர்த்தினேன்.

"ஊரைச் சுத்தம் பண்றதும் கைங்கர்யம்தானே சார்," என்றார்.

சங்கத் தலைவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவரும் அதே தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்றவர்தாம், ஆனால் அதிகாரி. பர்சனல் பிரிவில் இருந்து, தொழிலாளர்க்கு மெமோ கொடுப்பதும் விசாரணை நடத்துவதுமாகவே தலை நரைத்தவர். எங்கும் ஒழுங்கு வேண்டும் அவருக்கு. வேம்பின் கீழ் நிறுத்திய அவருடைய வெள்ளைக் காரின் மீது காக்கைகள் நாள்தோறும் தம் கருத்தைப் பதிவு செய்துவந்தன. அவர் மஸ்டர் சாரிடம் முறையிட்டார். மறுநாள் வேப்ப மரத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. 'துப்புரவுப் பிரிவைச் சேர்ந்த காக்கைகளுக்கு எச்சரிக்கை' என்று தலைப்பு.

தலைவர் அதைக் கிழித்தெறிவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"என்ன மஸ்டர் இது. தேதி இல்லை. சம்பவம் நடந்த நேரம் இல்லை. பதில் சொல்ல எத்தனை நாள் அவகாசம்னு இல்லை. இந்த மெமோ எந்தக் கோர்ட்லயும் நிக்காது."

அங்கேயே, மரத்தின் மீதே வைத்து, அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த மனிதரின் பலவீனம் இன்னதென்று மஸ்டர் சார் அன்றே குறித்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாசி மாதக் கூட்டத்தில் சங்கம் ஒரு தீர்மானம் இயற்றியது. பூங்கா இடத்தைச் சமப்படுத்தி, வாய்க்கால் முழங்கையை மண்ணிட்டு மூடி, கொட்டகையை இடித்து, முழுவதும் சிமென்ட் கல் பதித்து, நடுவில் ஷட்டில் ஆடுகளம் அமைப்பது. முன்மொழிந்தவர் தலைவர். கல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். சிவப்பும் சாம்பலும் மாறி மாறி. ஹார்டுவேர் கடைக்காரனுக்கு அந்த வண்ணப் பொருத்தத்தில் உண்டாகும் பெருமிதம் பிறர்க்கு விளங்காது. ஆகவே, இந்தக் கதையில் நான் நின்றிருந்த பக்கம் எது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மஸ்டர் சார் கடைசி வரிசையிலிருந்து எழுந்தார்.

"எத்தனை பேரை வெளிய அனுப்புறீங்க?"

"யாரை அனுப்புறோம்? அங்க குடியிருப்பே இல்லையே," என்றார் தலைவர்.

"நாப்பத்தோரு பேர் ரோல்ல இருக்காங்க சார். எனக்கு ரிட்டயர்மென்ட் அன்னிக்கு மாலை போட்டு, கேட் வரைக்கும் வந்து அனுப்புனாங்க. இவங்களுக்கு புல்டோசரா?"

சபையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு மனுவை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். இணைப்பாக நாற்பத்தோரு பெயர்கள், பிரிவு, பணியில் சேர்ந்த காலம். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் வருகையைக் குறித்தவருக்கு, காலையில் சென்று நிற்பதற்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஓர் இடமே. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. சிவப்பும் சாம்பலும் கண்ணை மறைத்திருந்தன.

"விசாரணை இல்லாம ஒரு ஆளைக் கூட மஸ்டர்லேர்ந்து எடுக்க முடியாதுனு எனக்குச் சொல்லிக் குடுத்ததே உங்க டிபார்ட்மென்ட்தான் சார்," என்றார்.

"அவ்வளவுதானே? விசாரணை வச்சிருவோம். ஒரே நாள்ல முடிச்சிடலாம்," என்று தலைவர் சிரித்தபடியே மனுவை வாங்கினார். வாங்கியவர் அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் பேனா கையில் இருந்தது; ஆயுட்காலப் பழக்கம் விரல்களில் இருந்தது. மனுவின் ஓரத்தில் தம்மையறியாமல் எழுதிவிட்டார்: 'பெறப்பட்டது. விசாரணை முடியும்வரை தற்போதைய நிலையே தொடரும்.' கையெழுத்து, தேதி.

மஸ்டர் சார் அந்தத் தாளின் நகலை அன்றைக்கே எடுத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணி. வேம்படியில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைவர், மாமி, நான், மஸ்டர் சார். மாமி பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்திருந்தார். தலைவர் குற்றப்பத்திரிகையை வாசித்தார். முதல் குற்றம்: ஆட்காட்டி, காரணமின்றிக் கூச்சலிட்டுக் குடியிருப்போர் அமைதியைக் குலைத்தது.

"சம்பவ இடத்தை நேர்ல பாத்துடறேன்," என்று தலைவர் ஜல்லிமேட்டை நோக்கி நடந்தார்.

"சார், அந்தப் பக்கம் கேட் பாஸ் இல்லாம போகாதீங்க," என்றார் மஸ்டர் சார்.

தலைவர் கேட்கவில்லை. பத்தாவது அடியில் ஆட்காட்டி எழும்பியது. அந்தக் கூக்குரலில் கொக்குகள் எழுந்தன, மைனாக்கள் எழுந்தன, இரண்டு தெரு தள்ளி நாய்கள் எழுந்தன. பறவை வளைந்து வந்து அவருடைய வழுக்கையை உரசுவதுபோல் பாய்ந்தது. ஆறடி உயரமுள்ள அதிகாரி ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார்.

"என்ன பிரச்சினை அதுக்கு?"

"முட்டைங்க சார். ஜல்லியோட ஜல்லியா நாலு கெடக்கு. நீங்க மிதிக்க இருந்தீங்க."

தலைவர் மூச்சு வாங்கினார். பின்னர் எழுதினார்: 'காரணமின்றி என்னும் சொல் நீக்கப்படுகிறது.'

இரண்டாம் குற்றம், கூகையின் அலறல். மாமி தயங்கினார்.

"அது அலறினா ஆகாதுன்னு சொல்லுவா."

"எலிக்குத்தான் மாமி ஆகாது," என்று மஸ்டர் சார் ஒரு செய்தித்தாளைப் பிரித்தார். கொட்டகையில் பொறுக்கியெடுத்த உருண்டைகள் இருந்தன. கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக உமிழ்ந்துவிடும். அவர் ஒன்றைக் குச்சியால் பிளந்தார். உள்ளே சிறிய மண்டையோடுகள் மூன்று. "ஒரு ஷிஃப்ட் புரொடக்‌ஷன், சார்."

மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பொத்தியபடியே குனிந்து பார்த்தார். "மூணா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது நம்மாத்து மாடியில இருந்தா தேவலை," என்றார்.

இவ்விதமே பெயர்ப் பட்டியல் ஒவ்வொன்றாகச் சென்றது. வெயில் ஏறிற்று. காப்பி தீர்ந்தது. நாற்பது பெயர்கள் முடிந்தன. குற்றங்களில் சில சரிந்தன, சில தீர்ப்புக்காக நின்றன. எப்படியும் இன்றோடு முடியும் என்ற நம்பிக்கை தலைவரின் முகத்தில் தெரிந்தது. நாற்பத்தோராவது பெயரை அழைத்தார்.

"மஞ்சள் வாலாட்டிக் குருவி."

மஸ்டர் சார் எழுந்து நின்றார். "லீவுல இருக்காருங்க சார்."

"ஆள் வரலியா? அப்ப ஆள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டியா முடிச்சிடலாம்."

"வரலேன்னா நானே சுழி போட்டிருப்பேன் சார். இவர் பங்குனியில வடக்க போவாரு, ஐப்பசியில வருவாரு. வருஷா வருஷம் உள்ள லீவு. பாருங்க, நாலு வருஷமா 'வி' போட்டிருக்கேன். ஒரு வருஷம் கூட வராம இருந்ததில்ல. லீவுல இருக்கற ஆளுக்கு நோட்டீஸ் போய்ச் சேராம எக்ஸ்பார்ட்டி போடலாங்களா?"

தலைவர் பதிவேட்டை வாங்கி, அந்த 'வி'க்களை ஆண்டு வாரியாகப் புரட்டிப் பார்த்தார். நான் தலைவரின் காதருகே குனிந்து, "குருவிதானே சார், முடிச்சிடுங்க," என்றேன். அவர் என்னை நோக்கிய நோக்கில் என் செயலாளர் பதவி ஒரு கணம் ஆட்டங்கண்டது.

"ஹார்டுவேர்காரரே, என் சர்வீஸ்ல ஒரே ஒரு தடவைதான் லீவுல இருந்த ஆளை டிஸ்மிஸ் பண்ணேன். அவன் திரும்பி வந்து, கோர்ட்டுக்குப் போயி, என்னைக் கூண்டுல ஏத்தி நிக்க வச்சான். இனிமே அந்தத் தப்பு நடக்காது." கோப்பை மூடினார். "விசாரணை ஐப்பசிக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

என் சிவப்புக் கற்களும் சாம்பல் கற்களும் ஒப்பந்தக்காரரின் கிடங்கிலேயே தங்கின. மஸ்டர் சாரிடம் மூன்று நாள் நான் பேசவில்லை. நான்காம் நாள் பேசினேன்; கூகை திரும்பும் நேரம் அவர் கழிவறைக்குச் சென்றிருந்ததால், அதைப் பார்த்துச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

ஆடி மாதத்தில் நகருக்குத் தெற்கேயிருந்த வாழைத்தோட்டத்தை அதன் உரிமையாளர் மனைகளாக்கினார். இரண்டே நாளில் வாழை முழுதும் சாய்ந்தது. செம்போத்துகளும் தேன்சிட்டுகளும் போன திசை தெரியவில்லை. எலிகள் போன திசை நன்றாகத் தெரிந்தது. அத்தனையும் எங்கள் நகருக்குள் வந்தன. தெற்குத் தெருவில் எதுவும் மிஞ்சவில்லை. சோப்பு, செருப்பு, வாஷிங் மெஷின் குழாய், காக்கைகளுக்கு அஞ்சித் தம் வீட்டு வாசலுக்கு மாற்றி நிறுத்திய தலைவரின் வெள்ளைக் காரின் ஒயர். மெக்கானிக் வந்து சீர்செய்தார். மறுவாரம் மீண்டும் கடித்தன. பூங்காவை ஒட்டிய எங்கள் தெருவில் மட்டும் எலித்தொல்லை அரிதாக இருந்தது. இதன் காரணத்தை எவரும் உரக்கச் சொல்லவில்லை.

ஒரு மாலை தலைவர் வேம்படிக்கு வந்தார். சிறிது நேரம் காக்கைகளின் நலம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மஸ்டர், அந்த நைட் ஷிஃப்ட் ஆள்... தெற்குத் தெருவுக்கு ஒரு டெபுடேஷன்ல அனுப்ப முடியுமா?"

"ஆர்டர் போடலாம் சார். ஆனா உக்கார சீட் வேணும். அதோட, உங்க வீட்டு காம்பவுண்டுல ராத்திரி முழுக்க எரியுதே, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைக்கணும். அவ்வளவு வெளிச்சத்துல அவரு வேலை பாக்க மாட்டாரு."

நானே கடையிலிருந்து கம்பியும் ஆணியும் வரவழைத்தேன். தெற்குத் தெருவின் காலி மனைகளில் மூங்கிற்கழிகளை நட்டு, உச்சியில் குறுக்குச் சட்டம் அறைந்தோம். நெல்வயலில் இரவில் ஆந்தை வந்தமர்வதற்கு விவசாயிகள் நடுவது போன்றதே. எட்டு நாள் ஒன்றும் நிகழவில்லை. தலைவர் தினமும் காலையில் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சென்றார். ஒன்பதாம் நாள் கையில் ஒரு தாளோடு வந்தார். விடியுமுன் தாம் எழுந்தபோது கழியின் மேல் வெள்ளை முகம் ஒன்று திரும்பித் தம்மை நோக்கியதாகச் சொன்னார். தாளை மஸ்டர் சாரிடம் கொடுத்தார். முறைப்படி எழுதப்பட்ட பணியேற்பு அறிக்கை. ஆந்தைக்காகக் கையெழுத்திட்டிருந்தவர் தலைவர்.

ஐப்பசி வந்தது. மழை பெய்து வாய்க்கால் முழங்கை நிரம்பிற்று. ஒவ்வொரு நாளும் மஸ்டர் சார் கடைசிப் பெயருக்கு நேரே 'வி' போட்டார். குருவி வந்தால் விசாரணை முடியும்; விசாரணை முடிந்தால் தீர்ப்பு. வர வேண்டும் என்றும் வரக்கூடாது என்றும் ஒரே முகத்தோடு காத்திருந்தார். ஒரு காலை என் கதவைத் தட்டினார்.

"செக்ரட்டரி சார். வந்தாச்சு."

சேற்றோரத்தில் ஒரு சிறிய குருவி ஓடுவதும் நிற்பதும், நின்றபோதெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டுவதுமாக இருந்தது. மலைகளையெல்லாம் கடந்து வந்த அலுப்பு அதனிடம் சிறிதும் இல்லை. மஸ்டர் சார் சாய்கோடு போட்டார். பதிவேட்டை மூடினார். "தலைவர்கிட்ட சொல்லிடுங்க. மறைக்கிறது முறையில்ல," என்றார்.

தலைவர் கோப்புடன் வந்தார். மாமி பிளாஸ்குடன் வந்தார். தலைவர் குருவியை நெடுநேரம் பார்த்தார். குருவி வாலை ஆட்டியது.

"குற்றத்தை மறுக்கிறியா?" என்று கேட்டார் மிக மெதுவாக. பிறகு நாற்காலியில் அமர்ந்து, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தீர்ப்பை வாசித்தார். "குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை. நாற்பத்தொருவரும் இதே இடத்தில் பணியில் தொடரலாம். காக்கைகளுக்கு மட்டும் எச்சரிக்கை."

"அந்த மெமோவுக்குப் பதில் இன்னும் வரல சார்," என்றார் மஸ்டர் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமி ஒன்றும் கேளாமல் முதல் காப்பியை அவரிடம் கொடுத்தார். என் கற்களில் கொஞ்சம் மட்டும் வாங்கி, ஓரமாக ஒரு நடைபாதை போட்டோம். சிவப்பும் சாம்பலும் மாறி மாறி. நன்றாகத்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு மஸ்டர் சாரின் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மகள் வந்து சென்னைக்கு அழைத்துச் சென்றுவிட்டார். வண்டியில் ஏறுமுன் பதிவேட்டையும் பேனாவையும் என்னிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். தினமும் காலை ஆறே காலுக்குத் தொலைபேசி ஒலிக்கும்.

"கொக்கு?"

"ஒம்பதும் வந்தாச்சுங்க."

"கருடன்?"

"வெளிப்பணி."

"வேற?"

"உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒண்ணு வேப்பமரத்துல இருக்குங்க. புது ஆளா?"

"அது குயிலோட வீட்டம்மா சார். எத்தனை தடவை சொல்றது." ஒரு பெருமூச்சு வரும். "இங்க பதினோராவது மாடி. ஜன்னல்ல புறா, பால்கனியில புறா. கீழ முழுக்க சிமென்ட். ஒரே டிபார்ட்மென்ட். மஸ்டர் எடுக்கவே மனசு வரல."

இணைப்பைத் துண்டித்த பிறகு நான் பதிவேட்டை மூடுவதில்லை. அவரிடம் சொல்லாமல் அதில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். நாற்பத்தொன்றாம் பெயருக்குக் கீழே நாற்பத்திரண்டாவதாக ஒரு பெயரைச் சேர்த்துள்ளேன். பிரிவு, டைம் ஆபீஸ். அதன் நேரே தினமும் 'வி' என்றே எழுதுகிறேன். விடுப்பில் உள்ளவரின் பெயரை எவராலும் நீக்க முடியாதல்லவா.